மாடும் வத்திப்போச்சு

அன்புள்ள சார்,

நான் தஞ்சாவூர் பக்கம் ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்து வேலைக்காக ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதினேன். மற்ற மூன்றிலும் 7 தாண்டிவிட்டேன், ரைட்டிங்கில் மட்டும் 6. அங்கே 6.5 கேட்கிறார்கள். கோச்சிங் சென்டரில் வாக்கியங்களை இணைக்கும் 60 லிங்க்கிங் வேர்ட்ஸ் உள்ள பட்டியல் தந்தார்கள். மனப்பாடம் செய்துதான் எழுதினேன். அதில் முக்கியமான பத்தைக் குறித்துத் தர முடியுமா? ஹவெவருக்கு முன்னால் கமாவா, செமிகோலனா? நான் எழுதிய கட்டுரை ஒன்றை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கமா, செமிகோலன் சமாசாரத்தை முதலில் முடித்துவிடுவோம். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு ஹவெவரில் புது வாக்கியம் தொடங்குங்கள். ஆல்தோ போட்ட வாக்கியத்தில் பட் போடாதீர்கள். போதும்.

பத்தைக் குறித்துத் தரமாட்டேன். உங்கள் இரண்டாம் பத்தியில் ஐந்து வாக்கியங்கள், நான்குக்குத் தலைப்பாகை: மோரோவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன், ஹென்ஸ். முதல் மூன்றையும் கழற்றிவிட்டுப் படித்தேன், ஒன்றும் குறையவில்லை. ஹென்ஸ் வேறு கதை. நகரத்தில் வண்டிகள் அதிகம், ஹென்ஸ் அரசு மரம் நட வேண்டும் என்கிறீர்கள். வண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் புகை என்று ஒன்று வரவேண்டாமா? ஹென்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டீர்கள். நோயாளியின் கையில் வென்ஃப்ளான் ஊசி போடும்போது ரத்தம் வருகிறதா என்று பார்க்காமல் மேலே பிளாஸ்டரை மட்டும் ஒட்டுவீர்களா? கோபமெல்லாம் பட்டியல் கொடுத்தவர்கள் மேல்தான். சரி, உங்கள் மேலும் கொஞ்சம் உண்டு.

அந்தத் தேர்வின் மதிப்பெண் விதிகளை யாரும் எடுத்துப் பார்க்கலாம். ரைட்டிங்கில் கால் பங்கு கோர்வைக்கு. 6 வாங்குபவரின் இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கக்கூடும் என்று அதிலேயே இருக்கிறது. 9 வேண்டுமென்றால் இணைப்பு இருப்பது கண்ணில் படுவதே அபூர்வமாக இருக்க வேண்டும். அறுபதையும் போட்டு 6 வாங்கியதில் அதிசயம் ஒன்றுமில்லை.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் ஒரு மாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயதில், தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மனு அடித்துக் கொடுக்கும் வேலை எனக்கு. ஒரு அம்மா வந்தார். குடும்ப பென்ஷன் மனு, ஆங்கிலத்தில் வேண்டும். எனக்குத் தெரிந்த மோரோவர், தேர்ஃபோர் எல்லாவற்றையும் இறக்கி ஒன்றரைப் பக்கம் அடித்தேன். மாஸ்டர் வாங்கிப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் அந்த அம்மாவிடம், "நீங்க மறுபடி சொல்லுங்கம்மா" என்றார்.

"அவரு போயி மூணு வருசமாச்சு. ஒரு மாடு இருந்துச்சு, அதுலதான் ஓடுச்சு. இப்ப மாடும் வத்திப்போச்சு."

"இதுல உன் மோரோவர் எங்கடா இருக்கு?" என்றார் மாஸ்டர். நான் விழித்தேன். 'மாடும்' என்பதன் கடைசி எழுத்தைக் காதில் வாங்கிக்கொள்ளவே எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. போன புருஷனையும் நின்றுபோன பாலையும் அந்த ஒரு 'உம்' கட்டிப்போட்டிருந்தது. தொல்காப்பியம் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. இது எச்ச உம்மை, இதற்கு முன் இன்னொன்றும் உண்டு என்று காட்டுவது. பள்ளியில் ஒப்பித்ததுதான், அன்றைக்குத்தான் உயிரோடு பார்த்தேன்.

மாஸ்டர் புதுத் தாள் செருகி அடித்தார்: 'வீ லிவ்ட் ஆன் ஒன் கவ். நவ் த கவ் டூ ஹாஸ் கான் ட்ரை.' மொத்தம் அரைப் பக்கம். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கணக்கு, அதனால் அந்த அம்மாவிடம் ஒரு ரூபாய்தான் வாங்கினார்.

அந்த 'டூ'வை விடுங்கள், அது உம்மையின் தம்பி. 'த'வைப் பாருங்கள். முதலில் 'ஒன் கவ்', அப்புறம் 'த கவ்'. 'முன்னால் சொன்னேனே, அதே மாடு' என்று அந்த ஒற்றைச் சொல் பின்னால் கைநீட்டுகிறது. அது இல்லாவிட்டால் எந்த ஊர் மாடோ. தமிழில் இப்படி ஒரு சொல் தனியாக இல்லாததால் நாம் முதலில் தொலைப்பது இதைத்தான். உங்கள் கட்டுரையிலும் பதினோரு இடத்தில் காணோம், எண்ணிப் பார்த்தேன். மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ஹாசனும் 1976-இல் ஆங்கிலக் கோர்வையை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். உங்கள் பட்டியலின் அறுபதும் அதில் ஒரே வகைக்குள் அடங்கிவிடும். த, திஸ், இட், தேர் (their) எல்லாம் வேறு வகை. அவற்றை யாரும் பட்டியல் போட்டு விற்பதில்லை. சின்னச் சொற்கள், காசு பெயராது.

உங்கள் வண்டிகளுக்கு வருவோம். 'சிட்டீஸ் ஆர் ஃபுல் ஆஃப் வெஹிகிள்ஸ். தேர் ஸ்மோக் ஹேங்ஸ் ஓவர் த ஸ்ட்ரீட்ஸ். ட்ரீஸ் வுட் கிளியர் சம் ஆஃப் இட்.' தேர் வண்டியைப் பிடித்திருக்கிறது, இட் புகையைப் பிடித்திருக்கிறது. ஹென்ஸுக்கு உட்கார இடமே இல்லை.

இரண்டாம் பத்தியை மட்டும் திரும்ப எழுதி அனுப்புங்கள். புகையோடு.