கழல மறுக்கும் ஆயில் ஃபில்டர்: படகு என்ஜின் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் விசைப்படகின் டீசல் என்ஜினுக்கு ஆயில் மாற்ற இறங்கினோம். சம்ப்பிலிருந்து பழைய ஆயிலை வடித்தாகிவிட்டது. ஃபில்டர் மட்டும் அசையவில்லை. பெல்ட் ரென்ச் வழுக்குகிறது. செயின் போட்டு இழுத்ததில் டப்பா நசுங்கியதுதான் மிச்சம். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடச் சொல்கிறார் ஒருவர், ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருகச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?
– விசைப்படகு உரிமையாளர், குளச்சல்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஃபில்டரை எது பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. திருகிப் பொருத்தும் டப்பா ஃபில்டரை நடுவிலுள்ள ஸ்டட் (தலையில்லாத, இரு முனையிலும் மரையுள்ள போல்ட்) தாங்குகிறது. அதன் மரை எந்நேரமும் ஆயிலில் ஊறிக் கிடப்பதால் துருப்பிடித்து இறுகுவது அபூர்வம். உண்மையில் பிடித்துக்கொள்வது விளிம்பிலுள்ள ரப்பர் வாஷர். போன தடவை அதில் ஆயில் தடவாமல் மாட்டியிருப்பார்கள், அல்லது கையால் இறுக்கியது போதாதென்று ரென்ச் வைத்தும் இறுக்கியிருப்பார்கள். பல மாதச் சூட்டில் அந்த ரப்பர் கெட்டித்து என்ஜின் முகத்தோடு ஒட்டிவிடுகிறது. படகென்றால் உப்புக் காற்றும், அடியில் தேங்கும் தண்ணீர் தெறிப்பதும் சேர்ந்து டப்பாவின் வெளி விளிம்பையும் துருவேற்றிவிடும்.

அழுந்திக் கிடக்கும் வாஷருக்கு அடியில் மண்ணெண்ணெய் இறங்காது. டப்பா முழுக்க வழிந்து, ரென்ச் இன்னும் அதிகமாக வழுக்கத்தான் அது உதவும்.

ஆயிலை ஏற்கெனவே வடித்துவிட்டீர்கள், ஆகவே என்ஜினை ஓட்டிச் சூடாக்க வழியில்லை. ஆயில் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். துணியைக் கொதிநீரில் நனைத்து ஃபில்டரின் கழுத்தைச் சுற்றி வையுங்கள். ஆற ஆற மாற்றி, பத்து நிமிடம் சூடு கொடுத்தால் ரப்பர் கொஞ்சம் இளகும். அடுத்த தடவை ஆயில் வடிக்கும் முன்பே என்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டில் முதலில் ஃபில்டரைக் கால் சுற்று இளக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு வடிக்கலாம். ப்ளோ டார்ச் வைத்துச் சூடேற்றும் யோசனை மட்டும் கூடவே கூடாது. டீசலும் ஆயிலும் சிந்திய என்ஜின் அறைக்குள் தீயைக் கொண்டுபோவதற்கு எந்த ஃபில்டரும் ஈடாகாது.

ரென்ச்சைத் தொடும் முன் பேட்டரி ஸ்விட்சை அணையுங்கள். ஸ்விட்ச் இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பல என்ஜின்களில் ஸ்டார்ட்டர் மோட்டார் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் தடித்த ஒயர் இணையும் முனையில் சாவி போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். இரும்பு ரென்ச்சோ செயினோ அந்த முனையையும் என்ஜினையும் ஒருசேரத் தொட்டால் பெரும் தீப்பொறி பறக்கும், கையும் வெந்துபோகும்.

அடுத்தது திசை. ஃபில்டரின் மூடிய அடிப்பக்கத்தை நேருக்கு நேர் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும். படகில் பெரும்பாலும் மேலிருந்து குனிந்தோ, என்ஜினுக்கு மறுபக்கத்திலிருந்து கையை விட்டோதான் வேலை பார்க்கிறோம். அந்த நிலையில் இடம் வலம் மாறிப்போய், இளக்குவதாக நினைத்து இறுக்குகிறவர்கள் உண்டு. டப்பாவின் அடியில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

டப்பாவைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போனதும் உலரவிடுங்கள். உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கம் டப்பாவைத் தொடும்படி ஒரு சுற்றுச் சுற்றி, அதற்குமேல் பெல்ட் ரென்ச்சைப் போடுங்கள். ரென்ச் பிடிக்க வேண்டிய இடம் கழுத்து, அதாவது என்ஜினை ஒட்டிய கடைசி இரண்டு சென்டிமீட்டர். அங்கேதான் தகட்டுக்குப் பின்னால் கனமான அடித்தட்டு இருக்கிறது, அதனால் நசுங்காது. நடு உடம்பு வெறும் மெல்லிய தகடு. உங்கள் டப்பா நசுங்கியதற்குச் செயினைக் குறை சொல்ல முடியாது, அது பிடித்த இடம் தவறு. செயினையே கழுத்துக்கு நகர்த்திப் போட்டுப் பாருங்கள். வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக அழுத்தம் கொடுத்து, அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். ஒட்டிய ரப்பர் திடீர் இழுப்புக்கு அசையாது, நிலையான அழுத்தத்துக்கு மெல்ல விட்டுக்கொடுக்கும்.

என்ஜின் மேடைக்கும் ஃபில்டருக்கும் நடுவே கைப்பிடி சுழல இடமில்லாத படகுகள் நம் கரையில் ஏராளம். அங்கே நைலான் பட்டையோடு, நடுவில் அரை அங்குலச் சதுரத் துளை உள்ள ரென்ச் நன்றாக உதவும். துளையில் எக்ஸ்டென்ஷன் ராடைப் பொருத்தி, விலகி நின்று ராட்செட்டால் திருகலாம். டப்பாவின் அடியில் பட்டை பட்டையாக மடிப்பு இருந்தால், அதே அளவுள்ள தொப்பி ரென்ச் இன்னும் நல்லது. அளவு ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் அது வழுக்கி மடிப்பையே மழுக்கிவிடும், ஆகவே பழைய ஃபில்டரைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

கடலில் கருவி எதுவும் இல்லாதபோது கயிறே போதும். உலர்ந்த கயிற்றைக் கழுத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நான்கைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றி, இரு முனைகளையும் ஓர் இரும்புக் கம்பியில் கட்டி, கம்பியை நெம்புகோலாக்கித் திருகுங்கள். பழைய ஃபேன் பெல்ட் துண்டும் இதற்கு ஆகும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால்தான் குத்துவது. குத்திய ஃபில்டரோடு என்ஜினை ஓட்ட முடியாது, எனவே மாற்று ஃபில்டர் கையில் இருக்கும்போது, கரையில் வைத்து மட்டுமே குத்துங்கள். அடியில் பிளாஸ்டிக் உறையும் சட்டியும் வையுங்கள். உள்ளே அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை ஆயில் நிற்கும், படகின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தானாக இறைக்கும் பம்பு இருந்தால், சிந்திய ஆயிலைக் கடலுக்கு இறைத்துவிடாதபடி அதையும் அணைத்துவிடுங்கள். கழுத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, ஸ்டட்டில் இடிக்காதபடி, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருமாறு நீண்ட ஸ்க்ரூ டிரைவரை அடியுங்கள். நடு உடம்பில் குத்தினால் தகடு காகிதம்போலக் கிழிந்துகொண்டே போகும், ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படிக் கிழிந்துபோனாலும் வழி இருக்கிறது. தகடு வெட்டும் கத்திரியால் டப்பாவையும் உள்ளிருக்கும் தாளையும் அகற்றுங்கள். கனமான அடித்தட்டு மட்டும் எஞ்சும். ஸ்டட்டைச் சுற்றி அதில் ஆயில் நுழையும் சிறு துளைகள் வட்டமாக இருக்கும். எதிரெதிரான இரண்டு துளைகளின் இடைவெளியை அளந்து, ஒரு பட்டை இரும்பில் அதே இடைவெளியில் இரண்டு போல்ட்டை வெல்டிங் செய்து வாங்குங்கள். துறைமுகத்தை ஒட்டிய எந்தப் பட்டறையிலும் சில நிமிட வேலை. அதைத் துளைகளில் நுழைத்துத் திருகினால் தட்டு கழன்றுவிடும். உளியை விளிம்பில் சாய்வாக வைத்துத் தட்டியும் எடுக்கலாம், ஆனால் உளி ஒருமுறை வழுக்கினாலும் வாஷர் உட்காரும் என்ஜின் முகத்தில் கீறல் விழும். கீறல் விழுந்த முகத்தில் எத்தனை புது ஃபில்டர் போட்டாலும் ஆயில் கசியும். அதனால்தான் உளியைக் கடைசிக்குத் தள்ளுகிறோம்.

கேள்வி: ஃபில்டர் கழன்றது. ஆனால் என்ஜினில் இருக்க வேண்டிய ஸ்டட்டும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. அப்படியே புது ஃபில்டரில் திருகி மாட்டலாமா?
– என்ஜின் டிரைவர், தேங்காப்பட்டணம்

பதில்: கூடாது. ஸ்டட் முதலில் என்ஜினில் முழு ஆழத்துக்கு உட்கார வேண்டும். ஃபில்டரோடு சேர்த்துத் திருகினால் அது எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று தெரியாது. பாதியிலேயே நின்றால் என்ஜின் அதிர்வில் ஃபில்டரோடு இளகி வரும்.

பழைய ஃபில்டரை வைஸில் பிடித்து, ஸ்டட்டில் அதே மரையுள்ள இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டை, அதாவது ஃபில்டரை ஒட்டிய நட்டைத் திருகினால் ஸ்டட் தனியாக வந்துவிடும். மரையைத் துடைத்து, ஆயில் இல்லாமல் உலர்த்தி, என்ஜின் பக்கத்து மரைக்கு மட்டும் மரைப் பசை (மரை இளகாமல் பிடிக்கும் பசை) தடவி, அதே இரட்டை நட்டு முறையில், இந்தத் தடவை வெளிநட்டைத் திருகி இறுக்குங்கள். எந்த முனை என்ஜினுக்குள் இருந்தது என்று கழற்றும்போதே அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள், இரு முனையிலும் மரையின் நீளம் வேறாக இருக்கலாம். மரை நசுங்கியிருந்தால் அரத்தால் ராவிச் சரிசெய்யாமல் புது ஸ்டட் போடுங்கள். டப்பா ஃபில்டர்களில் முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 மரை, 20 மில்லிமீட்டர் விட்டத்தில் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி மரை என்று பல வகை உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், பழையதைக் கையில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

சில என்ஜின்களில் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஆயில் கூலர் இருக்கும். அப்படியிருந்தால் கூலரும் சேர்ந்து திரும்பியிருக்கிறதா, அதன் தண்ணீர் ஹோஸ் முறுக்கிக்கொண்டதா என்று பாருங்கள்.

கேள்வி: புது ஃபில்டர் போட்டு ஸ்டார்ட் செய்ததும் கழுத்துப் பக்கமாக ஆயில் பீய்ச்சி அடித்தது. ஃபில்டரில் குறையா?
– முட்டம் வாசகர்

பதில்: பெரும்பாலும் ஃபில்டர்மேல் குறை இருக்காது. பழைய வாஷர் என்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது வாஷர் உட்கார்ந்திருக்கும். கழற்றியதும் பழைய டப்பாவைத் திருப்பி, வாஷர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது என்ஜினில்தான் இருக்கிறது. கறுத்து, முகத்தின் நிறத்தோடு ஒன்றிப் போயிருப்பதால் கண்ணுக்குத் தப்பும், விரலால் தடவினால் வளையம் தட்டுப்படும். இரும்புக் கத்தியால் சுரண்டாமல் மரச்சில்லால் நெம்பி எடுங்கள்.

புது வாஷரில் சுத்தமான ஆயிலைச் சுற்றிலும் தடவி, வாஷர் முகத்தைத் தொடும்வரை கையால் திருகி, அங்கிருந்து முக்கால் சுற்று. சில பெரிய ஃபில்டர்களுக்கு ஒரு சுற்று. எவ்வளவு என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். ரென்ச் தேவையில்லை. ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் கேஜைப் பாருங்கள். பத்துப் பதினைந்து விநாடியில் முள் ஏறாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ஏறினால் இரண்டு நிமிடம் மெதுவேகத்தில் ஓட்டி, கழுத்தில் கசிவு இல்லையென்று உறுதி செய்து, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியைப் பாருங்கள். புது ஃபில்டர் இழுத்துக்கொண்ட அளவுக்கு ஆயில் குறைந்திருக்கும், அதை ஊற்றி நிரப்புங்கள்.

கேள்வி: என்னுடையது பழைய என்ஜின். கிண்ணத்துக்குள் தாள் ஃபில்டர், நடுவில் ஒரே போல்ட். அந்தப் போல்ட்டின் தலை மழுங்கிவிட்டது.
– வாசகர், குளச்சல்

பதில்: போல்ட் வெளியே காற்றுபடும் இடத்தில் இருப்பதால் துருதான் காரணமாயிருக்கும். துரு இளக்கும் ஸ்ப்ரே பயன்படுவது இங்கேதான். முந்தின நாள் இரவே அடித்து ஊறவிடுங்கள். அறுகோண ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோ மட்டும் போடுங்கள், திறந்த வாய் ஸ்பேனர் மீதியுள்ள முனையையும் தின்றுவிடும். தலை முழுதும் மழுங்கியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருகலாம். கிண்ணத்தைச் சுற்றி எண்ணெய் இல்லாமல் துடைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மாட்டும்போது பழைய ரப்பர் வளையத்தை மேல் பள்ளத்திலிருந்து ஊசியால் எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், போல்ட்டின் செப்பு வாஷரையும் மாற்றுங்கள். ஸ்பிரிங்கும் அதன் தட்டும் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் போக வேண்டும். ஸ்பிரிங் விட்டுப்போனால் ஃபில்டர் மேலே அழுந்தாது, ஆயில் வடிகட்டாமலே சுற்றும்.

கேள்வி: வள்ளத்தில் போடும் அவுட்போர்டு என்ஜினுக்கும் இந்த ஃபில்டர் உண்டா?
– இனயம் வாசகர்

பதில்: டூ ஸ்ட்ரோக் என்றால் இல்லை, ஆயில் எரிபொருளோடு கலந்து எரிந்துவிடுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில், மிகச் சிறியவை தவிர, பலவற்றிலும் உள்ளங்கை அளவு டப்பா ஃபில்டர் இருக்கும். அது உட்காரும் இடம் அலுமினியம். உளி, சுத்தியல் எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: சின்னமுட்டத்தில் எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆயிலையும் ஃபில்டரையும் தடை முடிந்து கடலுக்குப் போகும்போது மாற்றினால் புது ஆயில் வீணாகாதே?
– சின்னமுட்டம் வாசகர்

பதில்: படகைக் கட்டும் முன்பே மாற்றுங்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை கட்டுகிறவர்களுக்கும் இதுவேதான். ஓடிய ஆயிலில் எரிந்த டீசலின் கரியும் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். 61 நாள் அசையாமல் நின்றால் அது பேரிங்கை அரிக்கும். பழைய ஃபில்டரும் இந்த இரண்டு மாதத்தில் இன்னும் இறுகக்கூடும்.

கடைசியாகக் கரை சேர்ந்த சூட்டோடு மாற்றி, புது ஆயிலோடு ஐந்து நிமிடம் ஓட்டி, பிறகு கட்டுங்கள். டப்பாவின் வெளிப்புறத்தில், குறிப்பாகக் கழுத்தில், கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். மாற்றிய தேதியையும் என்ஜின் ஓடிய மணிக்கணக்கையும் டப்பாவில் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியும் முன் கத்திரியால் திறந்து, தாளை விரித்து வெயிலில் பாருங்கள். செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங் தேய்கிறது, தடைக்காலத்திலேயே என்ஜினைத் திறந்து பார்த்துவிடலாம். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது. கூலரையும் ஹெட் கேஸ்கெட்டையும் சோதிக்காமல் புது ஆயில் ஊற்றாதீர்கள். பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, உரிமம் பெற்ற பழைய ஆயில் வியாபாரியிடம் கொடுங்கள். துறைமுகத் தண்ணீரில் விட்டாலும் மரப்படகின் அடியில் பூசினாலும் அது போய்ச் சேருவது நாம் வலை வீசும் கடலில்தான்.