எல்லாரும் கொண்டாடும் சோல் ஆல்பங்கள் எனக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை?

மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தை இரண்டு தடவை கேட்டும் மனதில் ஒட்டவில்லை, சோல், ஃபங்க் (அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த இசைவகைகள்) ஆல்பங்களுக்குக் கிடைக்கும் புகழ் அதிகப்படிதானோ என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று தெரிய வேண்டும்: எதில் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கரில் என்றால், அந்த ஆல்பத்தில் பாதியை நீங்கள் கேட்கவே இல்லை.

கிண்டல் இல்லை, எனக்கும் இதுதான் நடந்தது. சமைத்துக்கொண்டே போனில் ஓடவிட்டேன். மார்வின் கேயின் குரல் இனிமையாக இருந்தது, அவ்வளவுதான். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2020இல் வெளியிட்ட 500 ஆல்பங்கள் பட்டியலில் இதற்கு ஏன் முதலிடம் என்று புரியவேயில்லை. பல மாதம் கழித்து ஒரு நண்பன் வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் கேட்டபோதுதான், அடியில் இன்னொரு பாட்டு தனியாக ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்கள் வாசிக்கும் கிட்டார்; போன் ஸ்பீக்கரில் சரியாகக் கேட்காது). குரல் மூச்சு வாங்கும் இடத்தில் நழுவி நுழைந்து, அது திரும்பி வருவதற்குள் விலகிவிடும். தலைப்புப் பாடலுக்கு அவர் உட்கார முடியாத போதையில் தரையில் படுத்தபடியே வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. இந்த ஆல்பத்தை வெளியிட்ட மோடவுன் நிறுவனத்தில் பின்னணியில் வாசிப்பவர்களின் பெயரை உறையில் போடும் வழக்கமே இல்லாதிருந்தது. 1971இல் வந்த இந்த ஆல்பத்தில்தான் போட்டார்கள்.

இன்னொன்று, ஷஃபிளில் போடாதீர்கள். இசைத்தட்டின் முதல் பக்கத்துப் பாடல்கள் ஒன்று முடியும் முன்பே அடுத்ததற்குள் போய்விடும். மொத்தமே 35 நிமிடம்தான்.

அதே வருட இறுதியில் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவின் 'தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்' வந்தது. இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. ஒலி மங்கலாக, சேறு படிந்த மாதிரி இருக்கிறது என்பது ஒரு கட்சி. அதுதான் அழகு என்பது என் கட்சி. குழுத் தலைவர் ஸ்லை ஒரே டேப்பின் மேல் திரும்பத் திரும்பப் பதிவு செய்துகொண்டே போனதில் அது தேய்ந்துபோனது. டிரம்மர் விலகியபின் பல இடங்களில் டிரம் மெஷினை வைத்தே சமாளித்தார். இரண்டு வருடம் முன்பு 'ஸ்டாண்ட்!' ஆல்பத்தில் துள்ளிக் குதித்த குழு, இதில் கதவைச் சாத்திக்கொண்டு முனகுகிறது. அந்த முனகல் தெளிவான ஒலியில் வந்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? (அசல் தட்டில் தலைப்புப் பாடலின் நீளம் 0 நிமிடம் 0 வினாடி என்றே போட்டிருந்தது. அங்கே பாட்டே கேட்காவிட்டால் உங்கள் ஆப்பில் கோளாறு இல்லை.)

புகழ் அதிகப்படி என்று ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், அடிவாங்கத் தயாராகச் சொல்கிறேன்: ஸ்டீவி வொண்டரின் 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்'. 1976இல் இரண்டு இசைத்தட்டு, போதாதென்று நான்கு பாடல்களோடு ஒரு குட்டித்தட்டு. மொத்தம் 21 பாடல். அதில் பத்து பாடல் தங்கம். மீதி, விருந்தில் வயிறு நிறைந்த பிறகும் இலையில் விழுகிற பாயசம். மூன்று வருடம் முன்பு வந்த 'இன்னர்விஷன்ஸ்' எனக்கு அதைவிட மேல். அதில் 'லிவிங் ஃபார் தி சிட்டி' பாட்டில் எல்லாக் கருவிகளும் அவரே வாசித்தது.

ஃபங்கடெலிக் என்ற ஃபங்க் குழுவின் 'மேகட் பிரெய்ன்' இப்போதைக்கு வேண்டாம். பத்து நிமிட கிட்டாரோடு தொடங்குகிற ஆல்பம், புதிதாக வருபவரை விரட்டிவிடும்.

சரி, எதில் தொடங்குவது? ஜேம்ஸ் பிரவுனின் 'லைவ் அட் தி அப்பல்லோ'. 1962 அக்டோபரில் நியூயார்க்கின் ஹார்லெமில் மேடையிலேயே பதிவானது. ஏற்கெனவே வந்த பாடல்களை மேடையில் பாடினால் யார் வாங்குவார்கள் என்று இசைத்தட்டு நிறுவன முதலாளி சிட் நேதன் கைவிரிக்க, பிரவுன் தன் கைக்காசைப் போட்டுப் பதிவு செய்தார். தட்டு அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. இது ஃபங்க் பிறப்பதற்கு முந்தைய சோல். அரை மணி நேரம்தான். 'லாஸ்ட் சம்ஒன்' பாட்டில் அவர் குரலை இறக்கிக் கெஞ்சக் கெஞ்ச, கூட்டத்திலிருந்து அலறல் கிளம்பும். அதை ஹெட்போனில் கேட்டுவிட்டு வாருங்கள், மார்வின் கேயைப் பற்றி அப்புறம் பேசலாம்.