வாந்தி கடலால் வந்ததா, மாத்திரையால் வந்ததா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 64. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, பிரஷர். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் கொழுந்தனார், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு எங்கள் எல்லாருக்கும் டிக்கெட் போட்டிருக்கிறார். அத்தை மாஞ்சோலை பஸ்ஸிலேயே மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி நாலு வளைவுக்குள் வாந்தி எடுப்பவர். மெடிக்கலில் அவோமின், ஆண்டான்செட்ரான், பேதிக்கு ஆன்டிபயாட்டிக் எல்லாம் வாங்கிவிட்டேன். அவோமினை இரண்டிரண்டாகக் கொடுக்கலாமா? வெறும் வயிற்றோடு ஏற்றிவிடலாமா? காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை நல்லதா? கடல் காற்றுக்கு மூட்டுவலி கூடுமா? கப்பல் தண்ணீர் குடிக்கலாமா? கொரோனா சமயத்தில் ஒரு கப்பலையே பூட்டி வைத்த வீடியோவை வேறு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் போவது என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை.
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். யாரிடம் போவது என்றால், கப்பலிலேயே இருக்கும் டாக்டரிடம். பெரிய பயணக் கப்பல்களில் டாக்டரும் நர்ஸும் இரவு பகலாக உண்டு. ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, அவசர ரத்தப் பரிசோதனை, ஆக்சிஜன், சலைன் ஏற்றும் வசதி எல்லாம் இருக்கும். ஆபரேஷன் தியேட்டரை எதிர்பார்க்கக் கூடாது. நீங்கள் போகும் மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா. இரண்டுக்கும் நடுவே ஒதுங்கிய கடல், பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். திருச்செந்தூர்க் கரையில் நின்று பார்க்கும் அலையை மனதில் வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். மாஞ்சோலை ரோட்டில் குலுங்குகிற மாதிரி அந்தக் கப்பல் குலுங்காது.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வாந்தி இல்லை, மாத்திரைப் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை அது. நல்ல மாத்திரை, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்கூட நன்மை செய்வது. ஆனால் அதைச் சாப்பிடுகிறவர் சோறு தண்ணீர் இறங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால், உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரலாம். வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை முந்நூறு, நானூறு என்று ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த மாத்திரையில் இருப்பவருக்கு அப்படி ஏறாமலே போகலாம், ஏனென்றால் சர்க்கரைதான் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கிறதே. குளுக்கோமீட்டரில் 170 என்று வரும். "சுகர் நார்மல்தான், கடல் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டார் போர்வையைப் போர்த்திப் படுக்க வைத்துவிடுவார்கள். அந்த நேரத்துக்குள் அமிலம் கூடிக்கொண்டே போகும். இது அரிதாக வருவது. ஆனால் கப்பலில் இதைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்றால், இதன் முதல் அறிகுறியே குமட்டலும் வாந்தியும்தான்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கடலால் வரும் வாந்தி, கப்பலின் ஆட்டத்தோடு வந்து ஆட்டத்தோடு போகும். கண்ணை மூடி மல்லாந்து படுத்தால் குறையும். கப்பல் பினாங்கில் கரையோடு கட்டி நின்ற பிறகு அநேகமாக அடங்கிவிடும். கப்பல் நின்ற பிறகும் வாந்தி நிற்கவில்லை, நாலைந்து மணி நேரமாக ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, வயிறு வலிக்கிறது, ஓடி வந்தவர் மாதிரி மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் சொக்கிக் கிடக்கிறார், வழக்கமாகச் சிறுநீர் கழிக்க நாலு தடவை எழுந்து போகிறவர் ஒரு தடவைகூடப் போகவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கேபின் போனில் மருத்துவப் பிரிவைக் கூப்பிடுங்கள். போனதும் நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: "சர்க்கரை நோயாளி, டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறார், ரத்தத்தில் கீட்டோன் பாருங்கள்." கீட்டோன் அளவு (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 3-ஐ எட்டினால் அது அவசர நிலை. 1.5-க்கு மேல் இருந்தாலே அங்கேயே வைத்துக் கவனிக்க வேண்டியவர்தான். சோதனை செய்யாமல் வெறும் வாந்தி ஊசி போட்டு அனுப்பப் பார்த்தால் நகராதீர்கள்.

இப்போது, புறப்படுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. இந்த மாத்திரையை நிறுத்திய உடனே அதன் வேலை நின்றுவிடாது. பெரிய ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வது அதனால்தான். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு, அத்தைக்கு இதை எழுதிக்கொடுத்த டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் புதிதாக எடுத்துக்கொண்டு போங்கள். "எளிதில் வாந்தி எடுக்கிறவர், கப்பல் ஏறுவதற்கு 3 நாள் முன்பே இதை நிறுத்தி வைக்கலாமா?" என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மட்டும் கொடுத்திருந்தால் பெரும்பாலும் சரி என்பார். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ கொடுத்திருந்தால் கணக்கு வேறு, அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மற்ற மாத்திரைகளுக்கும் ஒரு விதி உண்டு. வாந்தியோ பேதியோ வந்து சாப்பாடும் தண்ணீரும் தங்காத நாளில் மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், டாபாகிளிஃப்ளோசின் மூன்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் டெல்மிசார்டன் சிறுநீரகத்தை நெருக்கும்; சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கும்; டாபாகிளிஃப்ளோசினின் ஆபத்தை மேலே சொன்னேன். மூட்டுவலிக்கென்று எந்த வலி மாத்திரையும் அன்று கூடவே கூடாது. கிளிமிபிரைடு இன்னொரு விதமான ஆபத்து. அதை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வீட்டில் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டுப் பழகியிருப்பார். கப்பலில் தட்டு கண் முன்னால் வந்து, இரண்டு வாய் உள்ளே போன பிறகு போடட்டும். நேரம் மாறுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது, அவ்வளவுதான். அங்கத்திய சாப்பாட்டு வேளைக்கே மாத்திரையும்.

ஆகவே வெறும் வயிற்றோடு ஏற்றும் யோசனையை இப்போதே விடுங்கள். காலி வயிறு குமட்டலைக் கூட்டும், அத்தைக்குச் சர்க்கரையையும் இறக்கும். இரண்டு இட்லி, ரஸ்க், பிஸ்கட் என்று கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றில் ஏதாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும். அவர் சைவமா என்று நீங்கள் எழுதவில்லை. சைவம் என்றால், "கறி சமைத்த கரண்டி" என்று ஒதுங்கி இரண்டு வேளை பட்டினி கிடப்பதுதான் கடலைவிடப் பெரிய ஆபத்து. இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும் என்று டிக்கெட் போட்ட இடத்திலேயே முன்கூட்டி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள் கொழுந்தனாரை. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்த்து நடுங்கினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் கையில் அல்வாப் பொட்டலம் இருக்கிறதே என்று அதைப் பிட்டு வாயில் வைப்பார்கள். அல்வாவில் இருக்கும் நெய், சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்துக்கு அல்வா உதவாது.

அவோமின் இரண்டிரண்டாகவா? கூடாது. 25 மில்லிகிராம் ஒன்று, முந்தின இரவு படுக்கும்போது. இல்லையென்றால் புறப்பட இரண்டு மணி நேரம் முன்னால். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. இரண்டாகக் கொடுத்தால் தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், அந்த வயதில் குழப்பம்கூட வரும். அப்புறம் அவர் சொக்கிக் கிடப்பது மாத்திரையாலா, அமிலத்தாலா என்று கப்பல் டாக்டருக்கே தெரியாது. கேபின் குளியலறை வாசலில் பெரும்பாலும் ஒரு உயர்ந்த படி இருக்கும், தூக்கக் கலக்கத்தில் இரவில் எழுந்தவர் அதில்தான் தடுக்கி விழுவார். ஊரில் இருக்கும்போதே ஒரு ராத்திரி ஒரு மாத்திரை கொடுத்து, மறுநாள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். கண் அழுத்த நோய் இருந்தால் இதுவும் வேண்டாம், காதுப் பட்டையும் வேண்டாம். அந்தப் பட்டையைத் தொட்ட கையால் கண்ணைத் தொட்டாலே பார்வை மங்கும். அத்தைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஆண்டான்செட்ரான் நல்ல மருந்துதான், ஆனால் ஆட்டத்தால் வரும் வாந்திக்கு அது சரியாகக் கேட்காது. இந்த வாந்தி காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கும் கண்ணுக்கும் நடக்கும் சண்டையால் வருவது. காது "ஆடுகிறது" என்கிறது, கேபினுக்குள் சுவரைப் பார்க்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. அதனால்தான் மேல்தளத்துக்குக் கூட்டிப்போய் தூரத்துக் கடல் கோட்டைப் பார்க்க வைத்தால் மாத்திரை இல்லாமலே பாதி சரியாகும். போன் பார்க்கக் கூடாது. சுக்கு, இஞ்சி மரப்பா தாராளமாக, ஆனால் மரப்பாவில் இருக்கும் சர்க்கரையும் கணக்கில் சேரும்.

கேபின் எந்த இடம் என்று பாருங்கள். கப்பலின் நீளத்தில் நடுவும், உயரத்தில் கீழ்த்தளமும்தான் குறைவாக ஆடும். தொட்டிலின் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. காட்சி நன்றாக இருக்கும் என்று மேல்தளத்து முன்பக்கத்தில் போட்டிருந்தால், நடுப்பக்கத்துக்கு, ஜன்னல் உள்ளதாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பேதிக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை வீட்டிலேயே வையுங்கள். கப்பலில் கூட்டமாகப் பரவும் வாந்தி பேதி பெரும்பாலும் நோரோ வைரஸ். அதை ஆன்டிபயாட்டிக் தொடாது. கையில் தேய்க்கும் சானிடைசரும் அதனிடம் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும், 20 விநாடி, ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும். வந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு நாள் கேபினிலேயே இருக்கச் சொல்வார்கள், இருந்துவிட்டுப் போகலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு எடுத்துப் போங்கள், ஒரு லிட்டருக்கு ஒன்று கரைப்பது. "சர்க்கரைக்காரருக்குக் கொடுக்கலாமா" என்று தயங்க வேண்டாம், கொடுக்கலாம். டப்பாவில் வரும் பழச்சாறு இதற்கு மாற்று இல்லை. வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் விட்டு, ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன். டம்ளரோடு கொடுத்தால் டம்ளரோடு வெளியே வரும்.

கடல் காற்றால் மூட்டுவலி கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கப்பல் தண்ணீர் சுத்திகரித்தது, குடிக்கலாம். துறைமுகத்தில் இறங்கினால் பாட்டில் தண்ணீர். பூட்டி வைத்த கப்பல் 2020 பிப்ரவரியில் ஜப்பானில் யோகோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸ். தடுப்பூசியே இல்லாத காலத்துக் கதை அது. அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.

மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். துறைமுகத்தில் அதை வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்துத்தான் கேபின் வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். கைப்பையில், அட்டையை வெட்டாமல், பெயர் தெரிகிற மாதிரி, மூன்று நாளைக்குக் கூடுதலாக. தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால் சிங்கப்பூர் விதிகளைப் பார்க்காமல் எடுத்துப் போக வேண்டாம். பயணக் காப்பீட்டில் சர்க்கரையையும் பிரஷரையும் மறைக்காமல் எழுதுங்கள். கப்பல் மருத்துவச் செலவும், அவசரமாகக் கரைக்கு இறக்கும் செலவும் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பலில் சிகிச்சைச் செலவு உங்கள் கேபின் கணக்கில் ஏறிவிடும், பிறகுதான் காப்பீட்டில் கேட்டுப் பெற முடியும். பில்லையும் டாக்டர் குறிப்பையும் வாங்காமல் இறங்காதீர்கள்.

நிறுத்தி வைத்த மாத்திரைகளை எப்போது திரும்பத் தொடங்குவது? ஒரு முழு நாளாவது வழக்கம்போலச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, சிறுநீர் நன்றாகப் போன பிறகு.

இன்னொன்று. ஒரு வெள்ளைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதி, அத்தையின் கேபின் அட்டையோடு சேர்த்துக் கழுத்துப் பையில் போடுங்கள்: பெயர், வயது, சர்க்கரை எத்தனை வருடம், ஒவ்வொரு மாத்திரையின் வேதிப்பெயரும் அளவும், கடைசியாக எடுத்த கிரியாட்டினின், ஒவ்வாமை இருந்தால் அது, உங்கள் கேபின் எண், கொழுந்தனாரின் போன் எண். கம்பெனிப் பெயர் எழுத வேண்டாம், நம் ஊர் மாத்திரைகளின் கம்பெனிப் பெயர் அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்காது. டாபாகிளிஃப்ளோசின் என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இழுங்கள்.