கம்பி சுற்றி நகை செய்வது: கேள்வி பதில்

கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். கம்பி, மணி, குறடு, இவ்வளவுதான் என் எல்லை. ஒரே கேள்வி திரும்ப வந்தால் மேலே கை காட்டிவிட்டுப் போய்விடுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சேலம்: அக்கா, புதுசா ஆரம்பிக்கிறேன். 18 சாமான் இருக்கிற கிட் ஒண்ணு ஆன்லைன்ல வருது. வாங்கலாமா?

வேண்டாம். ரவுண்ட் நோஸ் (தாடை இரண்டும் உருண்டையாக இருக்கும், வளையம் போட), செயின் நோஸ் (தாடையின் உள்பக்கம் தட்டை, பிடிக்கவும் மடக்கவும்), ஃபிளஷ் கட்டர் (கம்பி வெட்ட) என்று மூன்று குறடு போதும். ரவுண்ட் நோஸின் இரண்டு நுனியும் ஒன்றோடொன்று நேராகச் சேர்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செயின் நோஸின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கணும். எலக்ட்ரீஷியன் குறடு மாதிரி பல் இருந்தால் கம்பி முழுக்கத் தழும்பு விழும். கட்டரில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் பள்ளம். தட்டைப் பக்கம் இருக்கிற முனை சமமாக வெட்டுப்படும், பள்ளப் பக்கம் இருப்பது கூராக நிற்கும். அதனால் தட்டைப் பக்கம் எப்போதும் நகையைப் பார்த்து இருக்கட்டும்.

கம்பி: பூச்சில்லாத செம்பு, 0.8 மி.மீ., 0.6 மி.மீ. இரண்டிலும் பத்துப் பத்து மீட்டர். வெட்டும்போது துண்டை விரலால் மூடிப் பிடியுங்கள். அது தெறிக்கும், தெறிப்பது முகத்தைப் பார்த்துத்தான்.

திருச்சி: வீடியோவுல 20 கேஜ்னு சொன்னாங்க, நானும் 20 கேஜ்தான் வாங்கினேன். அவங்களுக்கு வளையுற மாதிரி எனக்கு வளையலையே?

உங்கள் கையில் குறையில்லை. கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண், அந்த இரண்டு 20-உம் வேறு வேறு. வெளிநாட்டு வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்க கேஜ், அதில் 20 என்றால் 0.81 மி.மீ. நம் ஊர் வைண்டிங் கம்பிக் கடையில் 20 என்றால் பழைய பிரிட்டிஷ் அளவு, 0.91 மி.மீ. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கம்பியை மடக்கத் தேவைப்படும் விசை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும், அதனால் ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். குறடு வழுக்குவதும் வளையம் முட்டை வடிவத்தில் வருவதும் அதனால்தான்.

அமெரிக்க 18 முதல் 26 வரை ஒரு எண் கூட்டிக்கொண்டால் பிரிட்டிஷ் அளவு கிட்டத்தட்ட சரியாக வரும். அமெரிக்க 20-க்கு நம் கடையில் 21 கேளுங்கள் (0.81 மி.மீ.). 22-க்கு 23, 24-க்கு 25. கடைக்காரர் எதைச் சொன்னாலும் கடைசியில் “எத்தனை மில்லிமீட்டர்?” என்று கேட்டுவிடுங்கள். அவருக்கும் தெரியவில்லையா? கம்பியைப் பென்சிலில் இடைவெளி இல்லாமல் 20 சுற்றுச் சுற்றி, அந்தச் சுருளின் நீளத்தை ஸ்கேலில் அளந்து 20-ஆல் வகுங்கள். 16 மி.மீ. வந்தால் அது 0.8 கம்பி.

தஞ்சாவூர்: மணிக்கு மேல வளையம் போட்டு சுத்துறப்ப வளையம் ஒரு பக்கமா சாயுது. சுத்துக்கும் மணிக்கும் நடுவுல இடைவெளியும் வருது.

இரண்டுக்கும் காரணம் முதல் மடிப்பு. முறையை முழுசாகவே சொல்கிறேன், 0.6 கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு மேலே 4 செ.மீ. கம்பி இருக்கட்டும். செயின் நோஸ் நுனியை மணியை ஒட்டி வைத்து, குறட்டுக்கு மேலே கம்பியைச் சரியாக 90 பாகைக்கு மடக்குங்கள். குறட்டின் அகலம் அளவுக்கு ஒரு கழுத்து கிடைக்கும். சுற்று உட்காரப்போவது அந்தக் கழுத்தில்தான், அதனால் கணக்கு எளிது: 0.6 கம்பியில் மூன்று சுற்று என்றால் 1.8 மி.மீ. கழுத்து வேண்டும். நீங்கள் 3 மி.மீ. விடுகிறீர்கள், மூன்று சுற்றோடு நிறுத்துகிறீர்கள். இடைவெளி வராமல் என்ன செய்யும்?

அடுத்து ரவுண்ட் நோஸை அந்த மடிப்பிலேயே வையுங்கள், அதைத் தாண்டி வைக்காதீர்கள். வாலை, அதாவது மடக்கிய மீதிக் கம்பியை, மேல் தாடைக்கு மேலாக இழுத்துக் கீழே கொண்டுவாருங்கள். இந்த இடத்தில் குறட்டை எடுத்து, கீழ்த் தாடை வளையத்துக்குள் இருக்கும்படி மாற்றிப் பிடித்து மீதி வட்டத்தை முடியுங்கள். வால் கழுத்தைக் குறுக்கே, செங்கோணத்தில் கடக்கணும். மாற்றிப் பிடிக்காமல் ஒரே பிடியில் முடிக்கப் பார்த்தால் வளையம் ‘ப’ மாதிரி நிற்கும். சங்கிலியில் கோக்க வேண்டியிருந்தால் இப்போதே கோத்துவிடுங்கள், சுற்றிய பிறகு வழியில்லை.

இனி வளையத்தைச் செயின் நோஸில் தட்டையாக, இறுக்கி நசுக்காமல் பிடித்துக்கொண்டு வாலை மணியை நோக்கிச் சுற்றி இறக்குங்கள். கடைசிச் சுற்று மணியைத் தொட்டால் போதும். அமுக்கினால் கண்ணாடி மணி உடையும். வெட்டி, முனையைச் செயின் நோஸால் உள்ளே அழுத்திவிடுங்கள். சேலைத் தலைப்பில் இழுத்துப் பாருங்கள், மாட்டினால் இன்னொரு அழுத்து.

எல்லா வளையமும் ஒரே அளவில் வர, ரவுண்ட் நோஸ் தாடையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கம்பியை எப்போதும் அங்கேயே வையுங்கள்.

விருதுநகர்: மோட்டார் காயில் கட்டுற கம்பியில பழகலாமா?

தாராளமாக. பழக அதைவிட மலிவானது இல்லை. எடைக்குத் தருவார்கள்: 0.9 மி.மீ. கம்பி 100 கிராம் வாங்கினால் ஏறக்குறைய 17 மீட்டர், 0.56 என்றால் 45 மீட்டர். மேலே இருப்பது எனாமல் பூச்சு. குறடு பட்ட இடத்தில் உரியும். அதை அடுப்பில் எரித்து எடுக்காதீர்கள், புகை கெடுதல். உப்புத்தாளால் தேய்த்தே எடுங்கள்.

வேலூர்: 22 கேஜ்ல காது கொக்கி செய்யலாமா மேடம்?

எந்த 22? மில்லிமீட்டரில் சொல்லுங்கள். கொக்கிக்கு 0.8, ஒன்றுக்கு 5 செ.மீ. நீளம். 0.6 போட்டால் கழற்றி மாட்டும்போதே நேராகிவிடும். வடிவம் கொடுத்த பிறகு இரும்புத் துண்டின் மேல் வைத்து வளைவை மட்டும் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், விறைப்பு ஏறும். காதுக்குள் போகிற முனையை 400, பிறகு 600 உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேயுங்கள். புதிதாகக் குத்திய காதுக்குச் செம்பு வேண்டாம்.

கரூர்: தங்கக் கலர் கிராஃப்ட் கம்பியில கொக்கி செய்தேன். முனை மட்டும் கறுத்துப் போகுது.

உள்ளே செம்பு, மேலே பூச்சு. முனையைத் தேய்த்தபோது பூச்சு போய்விட்டது. மாலைக்கு அந்தக் கம்பியை வைத்துக்கொள்ளுங்கள், கொக்கிக்கு 92.5 வெள்ளி. ஜெர்மன் சில்வர் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, வெள்ளி துளியும் கிடையாது. நிக்கல் ஒவ்வாத காது இரண்டு நாளில் வீங்கும்.

கோவை: டெரகோட்டா ஜிமிக்கிக்கு எந்த பெயின்ட் நல்லது?

மண்நகை செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

நாகர்கோவில்: தங்கச்சி, நான் பட்டறைக்காரன். எல்லாம் படிச்சேன். பற்ற வைக்காத வளையம் ஒரு வளையமா? மூணு சுத்து சுத்திட்டா அது நகையாயிடுமா?

வாங்க அண்ணே. கருகமணியைப் பட்டறையில் எப்படிக் கட்டுவீர்கள்? மணிக்குள் கம்பி விட்டு, இரண்டு பக்கமும் வளையம் எடுத்துச் சுற்றித்தானே? முத்தையும் பவளத்தையும் வைத்துக்கொண்டு ஊதுகுழல் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுபோக முடியுமா? அதே வேலைதான் இது, கம்பி மட்டும் செம்பு.

நாகர்கோவில்: மணி கட்டுறது சரி. நான் சொல்றது மாலையோட கொக்கி வளையம். அதை வெறும் வாய் சேர்த்து விட்டுடுறீங்களே, ரெண்டு மாசத்துல வாய் பிளக்கும்.

அது ஜம்ப் ரிங். அதையும் சுற்றிக் கட்டிய வளையத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஜம்ப் ரிங்கில் வாய் இருக்கிறது, இழுத்தால் பிளக்கும், ஒத்துக்கொள்கிறேன். சுற்றிய வளையத்தில் வாயே இல்லை. கம்பி அறுந்தால் ஒழிய அது திறக்காது.

ஈரோடு: நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் ஜம்ப் ரிங் வாயில சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விடுறேன். நல்லாத்தான் நிக்குது.

நாகர்கோவில்: பசையா! 

இந்த ஒரு விஷயத்தில் அண்ணனும் நானும் ஒரே கட்சி. அந்தப் பசை இறுகியதும் உடையும் தன்மை உள்ளது. வளையம் ஆடிக்கொண்டே இருக்கும், வியர்வையும் படும், ஒரு நாள் சத்தமில்லாமல் விட்டுவிடும். வாயை ஒழுங்காக மூடுங்கள்: இரண்டு குறடால் பிடித்து ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே திருப்பித் திறக்கணும், பக்கவாட்டில் விரிக்கக் கூடாது. மூடும்போது முன்னும் பின்னும் சற்றுத் தாண்டிப் போய்த் திரும்ப வாருங்கள். இரண்டு முனையும் உரசும் ‘கிரிக்’ விரலில் தெரியும். அந்த ஆட்டமே கம்பியை விறைப்பாக்கும்.

நாகர்கோவில்: விறைப்பு விறைப்புன்னு சொல்றீங்க. பற்ற வைச்சா அந்தக் கவலையே இல்ல.

பற்ற வைத்தால் வாய் மூடும். ஆனால் அந்தச் சூட்டில் கம்பி இளகிவிடும். 0.6-இல் மெல்லிய வளையம் செய்து பற்ற வைத்துவிட்டு இழுத்துப் பாருங்கள், வாய் பிளக்காது, வளையமே நீண்டு போகும். உங்கள் பட்டறையில் பிறகு தட்டி விறைப்பேற்றுவீர்கள். வீட்டில் செய்கிறவர் அதை விட்டுவிடுவார்.

ஒரு இடத்தில் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். கனமான பதக்கம் தொங்கும் வளையம், குழந்தை போடும் சங்கிலி, கொக்கி மாட்டும் கடைசி வளையம், இவற்றைப் பற்ற வைப்பதே நல்லது. முடியாதவர்கள் அங்கே 1 மி.மீ. கம்பி போடட்டும், அல்லது அந்த இடத்தையும் சுற்றியே கட்டட்டும்.

நாகர்கோவில்: தேய்மானம்? செம்புல செம்பு உரசினா?

தேயும். அதற்குப் பதில் இல்லை அண்ணே, வருடத்துக்கு ஒருமுறை வளையத்தின் உள்பக்கம் பார்த்து, பாதியாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். தங்கமும் தேய்கிறது, நீங்கள் அதைச் சேதாரக் கணக்கில் எழுதிவிடுகிறீர்கள்.

திண்டுக்கல்: 24 கேஜும் 26 கேஜும் ஒண்ணா?

மேலே திருச்சிக்குச் சொன்னது.

மதுரை: செம்பு நகை கறுத்தா புளி போட்டுத் தேய்க்கலாமா?

வெறும் செம்பு என்றால் தேய்க்கலாம், உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். முத்து, பவளம், சங்கு இருந்தால் புளியும் எலுமிச்சையும் பக்கத்திலேயே வரக்கூடாது. அவை சுண்ணாம்புச் சத்து, அமிலம் பட்டால் மேல்பளபளப்பு அரித்துப் போகும், திரும்ப வராது. மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

புதுச்சேரி: துளையில்லாத கல்லைச் சுத்தி கட்டினேன். பதக்கம் போட்டு அரை மணி நேரத்துல கல் விழுந்துடுச்சு.

முன்பக்கம் விழுந்ததா, பின்பக்கமா? அநேகமாகப் பின்பக்கம்தான். எல்லோரும் முகப்பைப் பார்த்துப் பார்த்து வளைப்பார்கள், பின்னால் கம்பி கல்லின் விளிம்போடு சமமாக நின்றுவிடும்.

30-க்கு 20 மி.மீ. முட்டைவடிவக் கல் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 8 செ.மீ. சட்டத்துக்கு 0.8 கம்பி இரண்டு, சுற்றளவோடு 12 செ.மீ. கூட்டி ஒவ்வொன்றும் 20 செ.மீ. பின்னுவதற்கு 0.3 கம்பி. இரண்டு சட்டக் கம்பிக்கும் நடுவே 2 மி.மீ. விட்டுப் பின்னினால் ஒரு செ.மீ. பின்னலுக்குக் கிட்டத்தட்ட 30 செ.மீ. கம்பி இழுக்கும். அதனால் இரண்டரை மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தீர்ந்து ஒட்டுப் போட்டால் அந்த இடம் கண்ணில் குத்தும்.

சட்டக் கம்பிகளின் இரண்டு முனையிலும் 6 செ.மீ. பின்னாமல் விடுங்கள். நடுப்புள்ளியில் தொடங்கி இரண்டு பக்கமும் நான்கு நான்கு செ.மீ. பின்னுங்கள். அந்த நடுப்புள்ளி கல்லின் அடியில் உட்காரட்டும். பின்னலைக் கல்லின் விளிம்பில் நிறுத்திச் சுற்றிக் கொண்டுவந்து மேலே இரண்டு பக்கத்தையும் சேர்த்து மூன்று சுற்றுக் கட்டுங்கள். இப்போது ஒரு சட்டக் கம்பி முன்விளிம்பில், ஒன்று பின்விளிம்பில் இருக்கும். முதலில் பின்கம்பியை நான்கு இடத்தில் 2 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். கல்லை வைத்து, முன்கம்பியையும் நான்கு மூலையில் அதேபோல். தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். ‘லொடலொட’ என்றால் இன்னும் தள்ளணும். கீழே கூராக முடியும் சொட்டு வடிவக் கல் நழுவிக்கொண்டே இருக்கும். முதல் கல்லாக அதை எடுக்காதீர்கள்.

சிவகாசி: ஒரே இடத்துல திருத்தித் திருத்தி வளைச்சேன், கம்பி ஒடிஞ்சுடுச்சு. மட்டமான கம்பியா?

கம்பி நல்லதுதான். வளைக்க வளைக்கச் செம்பு விறைக்கும், விறைப்பு எல்லை தாண்டினால் ஒடியும். ஒரு வளைவை இரண்டு தடவைக்கு மேல் திருத்தாதீர்கள், வெட்டிப் போட்டுவிட்டுப் புதுத் துண்டு எடுங்கள். வெறும் செம்பை மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். பூச்சுக் கம்பி, எனாமல் கம்பிக்கு இது கூடாது.

சிங்கப்பூர்: இங்க கடையில 0.8 மி.மீ.னு மட்டும்தான் போட்டிருக்கு. அது எத்தனை கேஜ்?

மில்லிமீட்டரே எழுதியிருக்கும்போது கேஜ் எதற்கு! வாங்கிக்கொண்டு வாருங்கள்.

தூத்துக்குடி: முத்தோட ஓட்டையில 0.6 கம்பி நுழையல. முத்து நிறைய இருக்கு.

நன்னீர் முத்தில் ஓட்டை சின்னதாகத்தான் இருக்கும். 0.4 கம்பிக்கு இறங்குங்கள், சுற்றை ஐந்தாறாக்கிக்கொள்ளுங்கள், பலம் கிடைத்துவிடும். இல்லை 0.6-தான் வேண்டும் என்றால் வைர ரீமர், அதாவது ஓட்டையைப் பெரிதாக்கும் வைரத்தூள் பூசிய ஊசி. முத்தைக் கிண்ணத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு கையாலேயே திருப்புங்கள். உலர்ந்து கடைந்தால் தூள் மூச்சில் போகும், ஓட்டையின் வாயும் பெயரும். ஒரு பக்கத்திலிருந்தே நுழைத்துத் தள்ளாமல், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.