சீலிங் காரை விழுந்தால் செலவு யார் தலையில்?

கேள்வி: சென்னையில் மேல்மாடி வீட்டில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 14,000, அட்வான்ஸ் 1,40,000. 11 மாத அக்ரிமென்ட் ஒன்று போட்டதோடு சரி, அப்புறம் புதுப்பிக்கவில்லை. போன மழையில் படுக்கையறை சீலிங்கில் காரை பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது. ஓனர், “குடியிருக்கிறது நீங்கள்தானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலி பண்ணுங்கள்” என்கிறார். வாடகையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். இரண்டு மாத பாக்கி விழுந்து, அவர் நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லையென்றால் உங்களைக் காலி செய்யச் சொல்ல அதுவே அவருக்குக் காரணமாகிவிடும். அதைவிட அவசரமான விஷயம், அந்த அறையில் இனி யாரும் படுக்க வேண்டாம். துருப்பிடித்த கம்பி உப்ப உப்ப, பக்கத்திலிருக்கும் காரையும் விழும்.

செலவு ஓனருடையது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலில் உள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் இதைப் பிரித்தே சொல்கின்றன. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை உங்கள் பொறுப்பு. நீங்களே உடைத்ததாக இருந்தால் மட்டும் கதை வேறு. பழைய அக்ரிமென்டில் பழுது பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு கடிதம். “போனில் பத்து தடவை சொன்னேன் சார்” என்றுதான் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள், கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. தேதியோடு படம் எடுங்கள், விழுந்த காரையைத் தரையில் கிடக்கும்போதே சேர்த்து எடுங்கள், கொத்தனார் இருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள், எல்லாவற்றையும் வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அவர் மறுத்தால் நீங்களே வேலையை முடித்து வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. உங்கள் கணக்கில் அது 7,000. வேலைக்கு 21,000 ஆனால் மூன்று மாதம் பாதி வாடகையைக் கொடுத்துக்கொண்டு வரவேண்டும். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கழிக்காதீர்கள்.

குடியிருக்கவே முடியாத நிலை என்றால், எழுதிக் கேட்டும் அவர் செய்யாதபோது 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம், இல்லை வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினார் என்றால் அதைச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது, உடனே வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள்.

உங்கள் பலவீனம் அந்த அக்ரிமென்ட்தான். 11 மாதம் என்பதால் இந்தச் சட்டம் ஒட்டாது என்று பலர் நம்புகிறார்கள், தவறு. எல்லா வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளில் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாக்கி ஓனர் காலி செய்யக் கேட்க இடமிருக்கிறது. அதனால் அந்தக் கடிதத்திலேயே, புது ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய நீங்கள் தயார் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.