படநூல் இருக்கும்போது சதுப்பு நிலத்தில் வழிகாட்டி எதற்கு?

சென்னைப் பள்ளிக்கரணையில் பறவை பார்க்க, நல்ல படநூல் கையில் இருந்தும் அனுபவசாலி ஒருவர் உடன் வருவது அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சில முறைகளுக்காவது அவசியம் என்றே சொல்வேன்.

வெள்ளைக் கொக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கொக்கின் அலகு கறுப்பு, கால் விரல்கள் மஞ்சள். ஆனால் விரல்கள் சேற்றில் மறைந்திருக்கும்போதும், காலால் சேற்றைக் கிளறி இரையைக் கலைத்துப் பிடிக்கும் அதன் பழக்கத்தைக் கொண்டே பழகிய கண் அதை அடையாளம் சொல்லிவிடும். பெரிய கொக்குக்கு வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். நடுத்தரக் கொக்குக்கு அது கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். நத்தை குத்தி நாரையின் அலகிடைவெளியைப் படத்தில் பார்த்துவிட்டு வருபவர்கள், அந்த இடைவெளி இன்னும் உருவாகாத இளம் பறவையைக் கண்டு குழம்புவது இயல்பு.

இவற்றைவிட முக்கியமானது, எங்கே நிற்கக் கூடாது என்று அறிவது. பறவை இரையெடுப்பதை நிறுத்திவிட்டுக் கழுத்தை உயர்த்தினால், நாம் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள். நல்ல வழிகாட்டி அந்த நொடியிலேயே குழுவைப் பின்னுக்கு அழைத்துக்கொள்வார், கூட்டருகே எவரையும் படமெடுக்கவும் விடமாட்டார். வலசைப் பறவைகளுக்காக நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், விடிந்த கையோடு, சூரியன் முதுகுப்புறம் இருக்கும்படி நின்று பாருங்கள்.