தெருவிளக்கு எந்த வரியில்?

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மகள் பயாலஜி இரண்டாம் ஆண்டு. போன செப்டம்பரில் கல்லூரியில் ‘மாக் ட்ரயல்’ என்கிற மாதிரி நீதிமன்ற விசாரணைப் போட்டிக் குழுவில் சேர்ந்தாள். அதிலிருந்து சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவதே இல்லை. சட்டம் படிக்கும் எண்ணமா என்றால் அதுவும் இல்லையாம். வக்கீலாகவாவது நிற்கிறாளா என்றால், சாட்சியாம். ஒரு நாள் இந்தத் தரப்புக்கு, மறுநாள் அந்தத் தரப்புக்கு. இது நாடகமா, பொய் சொல்லப் பயிற்சியா? ஃபீஸ் கட்டுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசி வரியில் சிரித்துவிட்டேன். கட்டுகிறவர் கேட்கத்தான் வேண்டும்.

அமெரிக்கா வந்திருந்தபோது நண்பரின் மகனுக்காக இப்படி ஒரு போட்டியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நம்மூர் சட்டக் கல்லூரி மூட் கோர்ட் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். மூட்டில் சாட்சி கிடையாது, சட்டப் புள்ளிகளை மட்டும் வாதாடுவார்கள். இங்கே முழு விசாரணையும் நடக்கிறது. அமெரிக்காவில் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் சட்டப் படிப்பு என்பதால், இதற்கு எல்லாத் துறைப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

அயோவாவின் டிரேக் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளி டீனாக இருந்த ரிச்சர்ட் கால்கின்ஸ் 1985ல் தொடங்கிய அமைப்புதான் இதை நாடு முழுக்க நடத்துகிறது. கோடை முடியும்போது எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே வழக்குக் கட்டு போகும். மிட்லண்ட்ஸ் என்று இல்லாத ஒரு மாநிலம், அதற்கெனச் சாட்சிய விதிகள், கத்தையாக வாக்குமூலங்கள். போட்டிக்கு நான்கு சுற்று, இரண்டு சுற்று ஒரு பக்கம், இரண்டு சுற்று மறுபக்கம். ஒரு சுற்றில் குற்றவாளி என்று நிறுவியவனை இன்னொரு சுற்றில் அதே காகிதங்களை வைத்தே நிரபராதி ஆக்க வேண்டும்.

பொய் என்கிறீர்கள். இட்டுக்கட்டுவது என் பிழைப்பு. அந்த வசதி இந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது, வழக்குக்கு முக்கியமான எதையும் வாக்குமூலத்துக்கு வெளியே சேர்க்கக்கூடாது.

நான் பார்த்த சுற்றில் ஒல்லியான ஒரு பெண் கடைக்காரர் வேடத்தில் சாட்சியாக வந்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தாள், ஒவ்வொரு கேள்விக்கும் அதை இறக்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். கண்ணாடி வாக்குமூலத்தில் இல்லை, ஆனால் அது அவள் உரிமை. உற்சாகத்தில், “தெருவிளக்கு நன்றாக எரிந்தது” என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டாள். எதிர்த்தரப்புப் பையன் எழுந்தான். குரலை உயர்த்தவே இல்லை.

“இது உங்கள் வாக்குமூலம். கீழே உங்கள் கையெழுத்து, இல்லையா?”

“ஆமாம்.”

“முக்கியமானது எதையும் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்?”

“ஆமாம்.”

“தெருவிளக்கு என்ற சொல் இதில் எந்த வரியிலும் இல்லை, சரிதானே?”

கண்ணாடி இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. “இல்லை” என்றாள். என் கதைகளில் எரிந்த எத்தனை தெருவிளக்குகளை அந்தப் பையன் அணைத்திருப்பான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

‘சாட்சியாம்’ என்று இழுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு நடுவரும் ஒரு தரப்புக்குப் போடும் 140 மதிப்பெண்ணில் 60 மூன்று சாட்சிகளுக்குத்தான். தீர்ப்புக்கு மதிப்பெண்ணே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவன் குற்றவாளியா இல்லையா என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை, அன்று இரவு எனக்குத் தூக்கம் கெட்டது.

எனக்குப் பிடிக்காததும் உண்டு. நிறைவுரைகள். எல்லோருக்கும் ஒரே கையசைப்பு, ஒரே இடத்தில் ஒரே மௌனம். சனி, ஞாயிறு பற்றிய உங்கள் குறையும் நியாயம்தான், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஒரு சுற்றுக்கு நீங்களே போய் உட்காருங்கள். பின்வரிசை நல்லது. விசாரணை நடக்கும்போது பார்க்க வந்தவர்களோடு குழுவினர் பேசக்கூடாது என்று விதி இருக்கிறது. அவள் கூண்டில் ஏறும்போது பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிடாதீர்கள்.